சிங்கப்பூர் நைட் ரேஸை நேர்ல பார்க்க எவ்வளவு ஆகும்? சம்பளக்காரருக்கான முழுக் கணக்கு

அக்டோபர் மாதம் வந்தா போதும், இன்ஸ்டாகிராம் முழுக்க ஒரே காட்சிதான். ராத்திரி வெளிச்சத்துல மின்னுற மரினா பே, பின்னாடி கார் சத்தம், முன்னாடி நம்ம ஆபீஸ் நண்பர் ஒருத்தர் டீம் டி-ஷர்ட்ல நிக்கிறார். பார்த்ததும் ரெண்டு கேள்வி வரும். "எவ்வளவு ஆகியிருக்கும்?" "நாமும் போகலாமா?"

முதல் கேள்விக்குக் கணக்கு போட்டுடலாம். ரெண்டாவதுக்கு உங்க சம்பளம், கடன், அவசர நிதி மூணையும் பார்த்துத்தான் பதில் சொல்ல முடியும். "ஒரு ரேஸுக்கு இவ்வளவு செலவா"ன்னு அட்வைஸ் பண்ற கட்டுரை இல்ல இது. பிடிச்ச விஷயத்துக்குச் செலவு பண்ணத்தானே சம்பாதிக்கிறோம். ஆனா மூணு நாள் சந்தோஷத்துக்கு ஒரு வருஷம் இஎம்ஐ கட்டக் கூடாது. அதுக்கான வழியைத்தான் இங்க பார்க்கப் போறோம்.

ஏன் சிங்கப்பூர்?

தெருவுல நடக்கிற ஃபார்முலா 1 ரேஸ்னா முதல்ல ஞாபகம் வர்றது மொனாக்கோ. 1929-ல ஆரம்பிச்சது. ஆனா அதுக்கு ஷெங்கன் விசா வேணும். விசா கட்டணம் மட்டுமே 90 யூரோ. லாஸ் வேகாஸ் போகணும்னா அமெரிக்க விசாவுக்கு 185 டாலர், அதோட நேர்காணல் தேதிக்கான காத்திருப்பு. சிங்கப்பூருக்கு விசா கட்டணம் 30 சிங்கப்பூர் டாலர், மேலே ஏஜென்ட் சர்வீஸ் சார்ஜ். சென்னையிலிருந்து நாலு மணி நேரச் சொச்ச விமானப் பயணம். போய் இறங்கினா அறிவிப்புப் பலகையிலயே தமிழ் இருக்கும். அதனால நம்ம ஊர் ரசிகருக்கு முதல் வெளிநாட்டு ரேஸ் பெரும்பாலும் சிங்கப்பூர்தான்.

2008-ல தொடங்கிய இந்த ரேஸ்தான் ஃபார்முலா 1 வரலாற்றில் முதல் இரவு ரேஸ். கொரோனா காரணமா 2020, 2021 ரெண்டு வருஷம் நடக்கல. இப்போதைய ஒப்பந்தம் 2028 வரைக்கும் இருக்கு. இந்த 2028-ஐ மனசுல வச்சுக்குங்க, கடைசியில தேவைப்படும்.

அடுத்த ரேஸ் 2026 அக்டோபர் 9 முதல் 11 வரை. இந்த முறை ஒரு கூடுதல் விஷயம்: சிங்கப்பூர்ல முதல் தடவையா ஸ்பிரின்ட் ரேஸும் இருக்கு. வழக்கமா வெள்ளிக்கிழமை வெறும் பிராக்டிஸ்தான். ஸ்பிரின்ட் வாரத்துல வெள்ளியே ஸ்பிரின்டுக்கான தகுதிச் சுற்று, சனிக்கிழமை ஸ்பிரின்டும் மெயின் ரேஸுக்கான தகுதிச் சுற்றும், ஞாயிறு ரேஸ். ஞாயிறு டிக்கெட் விலை கையைக் கடிச்சா, சனிக்கிழமை ஒரு நாள் டிக்கெட்டும் நல்ல பேரம்தான்.

டிக்கெட் வாங்குறதுக்கு முன்னாடி: எதை வாங்குறீங்கன்னு தெரிஞ்சுக்குங்க

டிவியில நீங்க பார்க்கிற ரேஸ் வேற, நேர்ல பார்க்கிற ரேஸ் வேற. இது தெரியாம போறவங்கதான் ஏமாந்துட்டேன்னு வந்து புலம்புவாங்க.

மரினா பே டிராக்கோட நீளம் 5 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு, 62 சுற்று. நீங்க நிக்கிற இடத்தை ஒவ்வொரு காரும் ஒன்றரை நிமிஷத்துக்கு ஒரு தடவை கடக்கும், அதுவும் கண் இமைக்கிற நேரத்துல. தெரு ரேஸ்ங்கிறதால கான்கிரீட் சுவர், அதுக்கு மேல கம்பி வலை. யார் முன்னாடி, யார் டயர் மாத்தினார்னு தெரிஞ்சுக்கப் பெரிய திரையைத்தான் பார்க்கணும். நேர்ல மட்டும் கிடைக்கிறது அந்தச் சத்தம், வேகம், ரப்பர் வாசனை, நகரத்துக்கு நடுவுல இதெல்லாம் நடக்குதேங்கிற பிரமிப்பு. அது போதும்னு தோணினா போங்க. ரேஸோட உத்தி நுணுக்கம்தான் உங்களுக்கு முக்கியம்னா, வீட்டு சோபாதான் பெஸ்ட் சீட்.

டிக்கெட்டுல மூணு வகை:

• வாக்அபவுட்: சீட் கிடையாது. உங்க டிக்கெட்டுல சொன்ன ஸோனுக்குள்ள நடந்து, நின்னு பார்க்கலாம். விலை குறைவு. ஸோன் 4 டிக்கெட்டை வச்சு பிட் இருக்கிற ஸோன் 1-க்குள்ள போக முடியாது. ஆனா பாடாங் மைதானத்துல நடக்கிற பெரிய கச்சேரிகளைப் பார்க்கலாம். அது டிக்கெட்டோடவே வருது.

• கிராண்ட்ஸ்டாண்ட்: குறிப்பிட்ட சீட். பாடாங் பக்கம் ஒரு விலை, பிட்டுக்கு எதிரே இருந்தா பல மடங்கு விலை.

• ஹாஸ்பிடாலிட்டி: ஏசி, சாப்பாடு, பானம் எல்லாம் உண்டு. ரீல்ஸ்ல வர்ற அந்த உயரமான ஆங்கிள் வீடியோ நிறைய இங்கிருந்தோ டிராக்கைப் பார்த்த ஹோட்டல் அறையிலிருந்தோ எடுத்தது. பல பேர் கம்பெனி செலவுல வந்தவங்க. அவங்க வீடியோவையும் நம்ம பட்ஜெட்டையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டாம்.

ஹோட்டல் ஏன் அவ்வளவு ஏறுது?

கூட்டம் ஒரு காரணம். 2022-ல மூணு நாளில் 3 லட்சத்துக்கும் மேல ஆட்கள் வந்தாங்க. இன்னொரு காரணம் பல பேருக்குத் தெரியாது. இந்த ரேஸ் நடத்த ஆரம்ப வருஷங்கள்ல ஆண்டுக்குச் சுமார் 15 கோடி சிங்கப்பூர் டாலர் ஆச்சு. அதுல 60 சதவீதம் அரசாங்கத்தோட பங்கு. அந்தப் பணத்தை மீட்க ரேஸ் வாரத்துல ஹோட்டல் வருமானத்துக்குத் தனி லெவி போட்டாங்க. டிராக் பக்கத்துல இருக்கிற ஹோட்டலுக்கு இன்னும் அதிகம். ஆக, ரேஸோட செலவுல ஒரு பங்கு அறை வாடகை வழியா நம்ம தலையிலதான் வந்து உக்காருது.

தீர்வு எளிது. டிராக்கை விட்டுத் தள்ளித் தங்குங்க. லிட்டில் இந்தியா ஸ்டேஷன்ல ஏறினா ரோச்சோர், பூகிஸ், அடுத்தது புரமனேட். அங்கிருந்து டிராக் நடக்கிற தூரம். மூணே ஸ்டாப். காலையில இட்லியும் கிடைக்கும்.

இப்ப கணக்குக்கு வருவோம்

கீழே இருக்கிற எண்கள் உதாரணத்துக்காக நான் எடுத்துக்கிட்டது. ஒரு சிங்கப்பூர் டாலர் ₹70-ன்னு வச்சுக்கலாம். ஒரு ஆளுக்கு, அறையை ரெண்டு பேர் பகிர்ந்து, நாலு இரவு. நீங்க புக் பண்ற அன்னைக்கு என்ன விலையோ அதைப் போட்டு மாத்திக்குங்க.

• மூணு நாள் வாக்அபவுட் டிக்கெட், 350 டாலர்: ₹24,500
• சென்னை – சிங்கப்பூர் போக வர விமானம்: ₹28,000
• தங்குமிடம், உங்க பங்கு இரவுக்கு 110 டாலர்: ₹30,800
• சாப்பாடு, எம்ஆர்டி ரயில், அஞ்சு நாளுக்கு 250 டாலர்: ₹17,500
• விசா, இன்சூரன்ஸ், சிம்: ₹6,000
• டி-ஷர்ட், தொப்பி, இதர, 100 டாலர்: ₹7,000

கூட்டினா ₹1,13,800. பெரும்பாலானவங்க இதோட நிறுத்திடுவாங்க. இன்னும் ரெண்டு வரி பாக்கி இருக்கு.

ஒண்ணு, ஃபாரெக்ஸ் மார்க்கப். பல கிரெடிட் கார்டு வெளிநாட்டுச் செலவுக்கு 3.5% மார்க்கப் போடும். அந்த மார்க்கப்புக்கு 18% ஜிஎஸ்டி. ஆக மொத்தம் 4.13%. மேலே டாலர்ல இருக்கிற செலவு 1,140 டாலர், அதாவது ₹79,800. அதுக்கு 4.13%னா சுமார் ₹3,300.

ரெண்டாவது, எதிர்பாராத செலவு. மொத்தத்துல 10% ஒதுக்குங்க. சுமார் ₹11,700.

ஆக உண்மையான பட்ஜெட் ₹1,28,800. ₹1.3 லட்சம்னே வச்சுக்கலாம்.

அதே ₹11,800, ரெண்டு விதமா

2025 நவம்பர்ல ஆரம்பிச்சு 2026 செப்டம்பர் வரை, 11 மாதம், மாசம் ₹11,800 தனியா ஒரு ஆர்டியிலோ லிக்விட் ஃபண்டிலோ போட்டீங்கன்னா ₹1,29,800 சேரும். வட்டி தனி. (ஆர்டின்னா இடையில உடைக்க வேண்டி வரும், அதனால பணம் தேவைப்படும் தேதிகளைப் பார்த்துப் பிரிச்சுப் போடுங்க.)

இப்ப கடன் வழி. ₹1.3 லட்சம் டிராவல் லோன், 16% வட்டி, 12 மாதம். இஎம்ஐ எவ்வளவு தெரியுமா? சுமார் ₹11,795.

கவனிச்சீங்களா? ரெண்டுலயும் மாசம் கையை விட்டுப் போறது கிட்டத்தட்ட ஒரே தொகை. முன்னாடி சேர்த்தா 11 மாதத்தோட முடிஞ்சது. கடன்னா 12 மாதம். வட்டியா சுமார் ₹11,540. பிராசஸிங் ஃபீஸ் 2%, அதுக்கு ஜிஎஸ்டி சேர்த்தா இன்னொரு ₹3,068. மொத்தம் ₹14,600 கூடுதல். அந்தப் பணத்துல ஒரு ஸ்டெப் மேல சீட் வாங்கியிருக்கலாம்.

கிரெடிட் கார்டுல போட்டுட்டு மினிமம் டியூ மட்டும் கட்டுறது இதைவிட மோசம். மாசம் 3.5%னா வருஷத்துக்கு 42%. அடுத்த வருஷ ரேஸ் வரும்போதும் இந்த வருஷ ரேஸுக்கே கட்டிட்டு இருப்பீங்க.

இன்னொண்ணு. "தீபாவளி போனஸ் வந்ததும் அடைச்சிடலாம்"னு கணக்கு போடாதீங்க. 2026-ல தீபாவளி நவம்பர் 8. ரேஸ் அதுக்கு நாலு வாரம் முன்னாடியே முடிஞ்சிடும். கார்டு பில் போனஸுக்காகக் காத்திருக்காது.

எப்ப என்ன கட்டணும்? மூணாவது மாசம் கையில ₹35,400 இருக்கும், டிக்கெட் வாங்கிடுங்க. ஆறாவது மாசம் விமானம். ஹோட்டல் மட்டும் முதல்லயே, இலவச ரத்து வசதியோட புக் பண்ணுங்க. ரத்து பண்ணக் கடைசித் தேதியை மொபைல் காலண்டர்ல போட்டு வைங்க. ரேஸ் வாரத்துல "நான்-ரீஃபண்டபிள்"ங்கிற சின்ன எழுத்து நிறைய இருக்கும்.

டிசிஎஸ்: கம்பெனி இல்ல, வரி

டிராவல் ஏஜென்சியில "ரேஸ் பேக்கேஜ்" வாங்கினா, பில்லுல டிசிஎஸ்னு ஒரு வரி இருக்கும். 2025-26 நிதியாண்டில் வெளிநாட்டு டூர் பேக்கேஜுக்கு ₹10 லட்சம் வரை 5%. ₹1,10,000 பேக்கேஜுக்கு ₹5,500. விமான டிக்கெட் மட்டுமோ ஹோட்டல் மட்டுமோ தனித்தனியா வாங்கினா அது பேக்கேஜ் ஆகாது; இந்த டிசிஎஸ்ஸும் வராது.

முக்கியமான விஷயம்: டிசிஎஸ் செலவு இல்ல. உங்க பான் நம்பர்ல முன்கூட்டியே கட்டின வரி. 26ஏஎஸ்-ல தெரியும். ரிட்டர்ன் போடும்போது வரியில கழிச்சுக்கலாம், மிச்சம் இருந்தா ரீஃபண்ட் வாங்கலாம். அதுவரைக்கும் காத்திருக்கவும் வேண்டாம். 12பிஏஏங்கிற படிவத்துல விவரத்தை எழுதி எச்ஆர் கிட்ட கொடுத்தா, அதே வருஷச் சம்பளத்துல பிடிக்கிற டிடிஎஸ் அந்த அளவுக்குக் குறையும். 2024 அக்டோபர்ல வந்த இந்த வசதியைப் பல பேர் இன்னும் பயன்படுத்துறதில்ல. 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் அமலுக்கு வருது. பிரிவு எண், படிவ எண் எல்லாம் மாறும். அதுக்கப்புறம் பணம் கட்டுறதா இருந்தா விகிதத்தை ஒரு தடவை சரிபார்த்துக்குங்க.

நாலு பேரா போனா, கார்டு யாருடையது?

இந்த இடத்தைக் கொஞ்சம் நிதானமா படிங்க. நண்பர்கள் குரூப்ல எப்பவும் ஒருத்தர் இருப்பார். நல்ல கிரெடிட் கார்டு, நல்ல மனசு. "என் கார்டுல போட்டுடுறேன், அப்புறம் ஜிபே பண்ணுங்கடா"ன்னு சொல்வார். அது நீங்களா இருந்தா மூணு விஷயம்.

முதலாவது, நாலு பேர் விமானம் ₹1,12,000, ஹோட்டல் ₹1,23,200. மொத்தம் ₹2,35,200. ஒரு வருஷத்துல வெளிநாட்டுப் பயணத்துக்கு ₹2 லட்சத்துக்கு மேல செலவு பண்ணினா, அது உங்களுக்காகவோ மத்தவங்களுக்காகவோ இருந்தாலும், வரி வராத அளவுதான் வருமானம்னாலும், ரிட்டர்ன் போட்டே ஆகணும். "வரியே இல்லையே, எதுக்கு ரிட்டர்ன்"னு இருக்கிற புது வேலைக்காரர்கள் இங்கதான் மாட்டுவாங்க.

ரெண்டாவது, மூணு நண்பர்கள் உங்க அக்கவுண்ட்டுக்கு அனுப்புற ₹1,76,400 உங்க வருமானம் இல்ல, பரிசும் இல்ல. நீங்க கட்டினதைத் திருப்பித் தர்றாங்க. ஆனா உறவினர் அல்லாதவங்க கிட்டேர்ந்து வருஷத்துக்கு ₹50,000-க்கு மேல பரிசா வந்தா அதுக்கு வரி உண்டு. நாளைக்கு யாராவது கேட்டா காட்ட ஆதாரம் வேணும். யுபிஐ-ல அனுப்பும்போது "சிங்கப்பூர் ஹோட்டல் பங்கு"ன்னு குறிப்பு போடச் சொல்லுங்க. பில்லையும் பேசிக்கிட்ட வாட்ஸ்அப் மெசேஜையும் ஒரு ஃபோல்டர்ல வைங்க.

மூணாவது, வரியைவிட வலிக்கிறது. நாலு பேர்ல ஒருத்தர் கடைசி மாசம் "ப்ராஜெக்ட் ரிலீஸ்டா மச்சான், வர முடியல"ன்னு சொன்னா அவர் பங்கு யாருது? இந்தக் கேள்வியை டிக்கெட் வாங்குறதுக்கு முன்னாடியே குரூப்ல கேட்டு முடிவு பண்ணுங்க. என் ஆலோசனை: அவரவர் பங்குப் பணம் கைக்கு வந்த பிறகு கார்டைத் தேய்ங்க. இதைக் கேக்கச் சங்கடமா இருக்கும். பின்னாடி பணத்தைக் கேக்கிறதைவிடக் குறைவாத்தான் இருக்கும்.

அங்க போன பிறகு மிச்சம் பிடிக்க

• கார்டு மெஷின் "ரூபாயில கட்டுறீங்களா, சிங்கப்பூர் டாலர்லயா"ன்னு கேட்டா, டாலரைத் தேர்ந்தெடுங்க. ரூபாயைத் தொட்டா அவங்க சொல்ற மாற்று விகிதம்தான்.

• ரெஸ்டாரன்ட் மெனுவுல விலைக்குப் பக்கத்துல ரெண்டு கூட்டல் குறி இருந்தா, 10% சர்வீஸ் சார்ஜும் 9% ஜிஎஸ்டியும் மேலே வரும்னு அர்த்தம். ஹாக்கர் சென்டர்ல சாப்பிட்டா சர்வீஸ் சார்ஜ் கிடையாது. டிராக்குக்குள்ள போறதுக்கு முன்னாடி வயிறார சாப்பிட்டுடுங்க.

• 100 டாலருக்கு மேல ஷாப்பிங் பண்ணினா, திட்டத்துல இருக்கிற கடையா இருந்தா, சாங்கி ஏர்போர்ட்ல ஜிஎஸ்டி ரீஃபண்ட் கேக்கலாம். ஹோட்டல், சாப்பாட்டுக்கு இது பொருந்தாது.

• வருகை அட்டையை இறங்குறதுக்கு முந்தின மூணு நாளுக்குள்ள ஆன்லைன்ல நிரப்பணும். அது இலவசம். காசு கேக்கிற இணையதளம்னா அது அரசு தளம் இல்ல.

• மழைக்கு ரெயின்கோட், காதுக்கு இயர்பிளக், காலுக்கு நல்ல ஷூ. 2022-ல மழையால ரேஸ் ஒரு மணி நேரத்துக்கு மேல தாமதமாச்சு. ரேஸ் முடிஞ்சதும் பக்கத்து ஸ்டேஷன்ல முண்டியடிக்காம ஒரு ஸ்டேஷன் தள்ளி நடந்து போய் ஏறுங்க.

டிக்கெட்டோட நிபந்தனைகளையும் படிங்க. 2023 லாஸ் வேகாஸ்ல முதல் பிராக்டிஸ் எட்டு நிமிஷத்துலயே நின்னுச்சு. ஒரு வால்வு மூடி கழண்டு காரைக் கிழிச்சிடுச்சு. அடுத்த பிராக்டிஸ் நடுராத்திரி தாண்டி ரெண்டரை மணிக்கு, ரசிகர்களை வெளியே அனுப்பிட்டு நடந்தது. அந்த ஒரு நாள் டிக்கெட் வாங்கினவங்களுக்குப் பணம் திரும்பல. கடையில பொருள் வாங்க 200 டாலர் வவுச்சர்தான் கொடுத்தாங்க. சாதாரண டிராவல் இன்சூரன்ஸ் டிக்கெட் பணத்தைத் தரும்னு நீங்களா நினைச்சுக்காதீங்க.

நீங்க போகலாமா?

என் கிட்ட வர்ற சம்பளக்காரங்க கிட்ட நான் கேக்கிறது நாலு கேள்வி:

1. மூணு மாசச் செலவுக்கான அவசர நிதி தனியா இருக்கா?
2. கிரெடிட் கார்டு பாக்கி, பர்சனல் லோன் எதுவும் ஓடலையே?
3. உங்களுக்கும் பெற்றோருக்கும் ஆபீஸ் பாலிசி தவிர ஹெல்த் இன்சூரன்ஸ் இருக்கா?
4. பயணச் செலவு உங்க ஒரு வருஷக் கைச் சம்பளத்துல 15%-க்குள்ள இருக்கா?

நாலாவது என் சொந்த அளவுகோல்தான், சட்டம் இல்ல. அதன்படி ₹1.3 லட்சம் பயணத்துக்கு மாசம் ₹72,000 கைக்கு வரணும். உங்களுக்கு ₹45,000தான் வருதுன்னா? போகவே கூடாதுன்னு இல்ல. மாசம் ₹5,700 வீதம் 23 மாசம் சேர்த்தா ₹1,31,100. நேரா 2027 ரேஸ். விலை கொஞ்சம் ஏறியிருந்தா, ஒரு இன்க்ரிமென்ட் வந்ததும் தொகையைக் கூட்டிக்குங்க. அப்பவும் முடியலைன்னா 2028 இருக்கு; ஒப்பந்தம் அதுவரைக்கும்னு முதல்லயே பார்த்தோமே. அதுவரைக்கும் தெரு ரேஸ் ஆசைக்கு உள்ளூர்லயும் கண் வச்சிருங்க. 2024-ல தீவுத்திடலைச் சுத்தி 3.5 கிலோமீட்டர் டிராக்குல இரவு ரேஸ் நடந்தது. லோக்கல் ட்ரெயின் டிக்கெட்லயே போய்ப் பார்த்துட்டு வந்தவங்க நிறைய.

முதல் கேள்விக்கே "இல்லை"ன்னு பதில் வந்தா, இந்த மாசம் ஆரம்பிக்கப் போற ஆர்டி ரேஸுக்கு இல்ல, அவசர நிதிக்கு. அது நிறைஞ்சதும் அதே தொகையை ரேஸ் பக்கம் திருப்பிவிடுங்க. நாலுக்கும் "ஆமா"ன்னா, இன்னைக்கே ஒரு தனி அக்கவுண்ட் திறந்து, சம்பளம் வர்ற மறுநாளுக்கு ஆட்டோ-டெபிட் போட்டுடுங்க. மேல சொன்ன பட்ஜெட்டை எக்செல் ஷீட்டா வீடியோவோட டிஸ்கிரிப்ஷன்ல கொடுத்திருக்கேன். மஞ்சள் கலர் கட்டத்துல உங்க எண்களைப் போட்டா, மாசம் எவ்வளவு சேர்க்கணும், எந்த வருஷம் டிக்கெட் வாங்கலாம்னு அதுவே சொல்லிடும்.